ஏழுபல் பாரில் தீராத காற்று

கித்தேரியானின் சிலிண்டரில் இருந்த காற்று ஐம்பது நிமிஷத்துக்கு மேல் வராது என்பது அவனுக்கும் தெரியும், வள்ளத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும், அந்தச் சிலிண்டரை நிரப்பிக் கொடுத்த கடைக்காரனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் காற்று மூன்று வருஷம் இரண்டு மாதம் வந்தது. கல்லாமுனையில் அதைப் பற்றி முதல் வாரம் பேசினார்கள், இரண்டாவது வாரம் அவனுக்கு மதியச் சாப்பாட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பேசினார்கள், மூன்றாவது வாரத்திலிருந்து நெத்திலி வரத்து குறைந்ததைப் பற்றிப் பேசினார்கள்.

கரையிலிருந்து ஒன்பது மைல் கிழக்கே, பதினோரு பாகம் ஆழத்தில், ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் கீழ்த்தாடையைக் கழற்றி வைத்தது போல ஏழு பாறைகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கிற இடத்துக்கு ஏழுபல் பார் என்று பெயர். கடலுக்கடியில் இருக்கிற பாறைத்திட்டை அங்கே பார் என்பார்கள், நீரோட்டத்தை நீவாடு என்பார்கள், இரண்டு கையையும் விரித்த நீளத்தைப் பாகம் என்பார்கள். அந்தப் பாரில் நீவாடு இழுக்கிற நாளில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவன் கொடிமரத்துத் துணி மாதிரி பக்கவாட்டில் படபடப்பான், அவன் விடுகிற மூச்சு நேரே மேலே போகாமல் சாய்ந்து சாய்ந்து போய் இரண்டு பர்லாங் வடக்கே குமிழியாக வெடிக்கும், முகத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போகும், கயிற்றை விட்டவன் அடுத்த ஊர்க்காரன் வலையில் கிடைத்தால் உண்டு. ஆனால் நல்ல சங்கு அங்கேதான் கிடந்தது, கல்லாமுனைக்காரர்களுக்குத் தெரிந்த தொழில் சங்கு குளிப்பதுதான்.

ஒரு நாளைக்கு நாலு தடவை இறங்கி ஏறுகிறவனுக்கு முடக்கு வரும். தோளில் ஊசி குத்துவது போலத் தொடங்கி, முதுகுத்தண்டு வழியாக இடுப்புக்கு வந்து, இந்தக் கால் இனி உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். ஆழத்தில் ரத்தத்துக்குள் அமுங்கிய காற்று, ஆள் அவசரமாக மேலே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைப்பதுதான் முடக்கு. அதற்கு வைத்தியம் அழுத்த அறை. இரும்பினால் செய்த அறைக்குள் ஆளைப் படுக்கவைத்து, காற்றை உள்ளே அழுத்தி, பிறகு மணிக்கணக்கில் மெல்ல மெல்லத் திறந்துவிட்டால் நுரை அடங்கும். அப்படி ஒரு அறை நானூறு மைலுக்கு அப்பால் இருந்தது. அதில் கல்லாமுனைக்காரன் படுக்க வேண்டுமானால் மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது கையெழுத்து வருவதற்குள் ஆள் ஒன்று செத்திருப்பான், இல்லை முடங்குவதற்குப் பழகியிருப்பான்.

அந்த அறை தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பது கல்லாமுனை சங்குகுளித் தொழிலாளர் சங்கத்தின் பதினேழு கோரிக்கைகளில் முதல் கோரிக்கை. பதினேழாவது, இறங்குதுறைக் கழிவறைக்கு ஒரு கதவு. இரண்டுக்கும் இருபத்திரண்டு வயது. சங்கத்தின் செயலாளர் இஞ்ஞாசி ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்திலும், அதற்குப் பிறகு துண்டறிக்கைகளிலும் படித்தவர். டீக்கடைப் பெஞ்சில் விட்டுப்போனது, ரயில் பெட்டியில் மிதிபட்டுக் கிடந்தது, மாநாட்டுப் பந்தலில் பறந்தது என்று எந்தக் காகிதத்தையும் அவர் கடைசி வரியில் இருக்கிற அச்சகத்தின் பெயர் வரை படிக்காமல் கீழே போட்டதில்லை. கேட்டு வாங்காமல் கிடைக்கிற எதையும் அவர் தொடமாட்டார். கோயில் கஞ்சியைக்கூடக் குடித்ததில்லை. கும்பிடுகிற கையால் கொடி பிடிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி, நாற்பது வயதில் பூசைக்குப் போவதையும் நிறுத்தினார்.

அவருடைய தங்கை பிரகாசியின் புருஷன்தான் கித்தேரியான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலாவது குளிப்பு முடித்து வள்ளத்தில் ஏறியவனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஆனால் கல்லாமுனையில் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஆளுக்கு வேறு சிலிண்டரைக் கட்டி, இருந்த ஆழத்துக்கே மறுபடியும் இறக்கி, அங்கிருந்து ஒவ்வொரு பாகமாக மேலே தூக்குவார்கள். பாகத்துக்குப் பாகம் நிறுத்தி, ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்த பிறகே அடுத்த பாகத்துக்குக் கயிற்றை இழுப்பார்கள். முஸ்லிம்களின் வள்ளமாக இருந்தால் குர்ஆனிலிருந்து யாசீன் அத்தியாயத்தை ஓதுவார்கள். இரண்டுக்கும் கால்மணி நேரம் ஆகும், பதினோரு பாகத்துக்கு மூன்று மணி நேரம், அதற்குள் மூன்று சிலிண்டர் மாற்றுவார்கள், அநேகமாகக் கால் திரும்பிவிடும். அன்றைக்கு நீவாடு பலமாக இழுத்ததால் கூட இருந்த இருவரும் கித்தேரியானை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருந்தார்கள். வள்ளத்தில் கயிற்றோடு இருந்தவர் இஞ்ஞாசி ஒருவர்தான்.

அவர் செபமாலை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, தனக்கு மனப்பாடமான பதினேழு கோரிக்கைகளைச் சொன்னார். கூட்டத்தில் அவற்றைச் சொல்லி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும் என்பது இருபது வருஷமாக அவர் அறிந்த கணக்கு. அவர் மறந்தது ஒன்றே ஒன்று. கூட்டத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிறகு இருநூறு பேர் "வேண்டும், வேண்டும்" என்று மூன்று தடவை சொல்வார்கள், அவர்கள் அடங்கும் வரை அவர் காத்திருப்பார். நடுக்கடலில் பதில் சொல்ல யாரும் இல்லை. பதினேழு கோரிக்கைகளும் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோயின. இவ்வளவுதானா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியும் கயிற்றை இழுத்தார்.

ஒரு மணி நேரத்தில் மேலே வந்த கித்தேரியானுக்கு, நெஞ்சுக்குக் கீழேயே உணர்ச்சி போயிருந்தது. அலறிக்கொண்டிருந்தவனை, மிச்சமிருந்த ஒரே சிலிண்டரைக் கட்டி அவசரமாக மறுபடியும் இறக்கினார்கள். மூன்றாம் பல்லின் அடியில் கால் பட்டதும் அவன் இரண்டு காலையும் உதைத்தான். பிறகு கயிறு இழுத்தபோது, ஒரு தடவை திருப்பி இழுத்தான். மாட்டேன் என்று அர்த்தம். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டின் ஓரத்தில் நின்றது, அங்கேயே நின்றது. கூட இருந்தவர்கள் தங்கள் காற்று தீர்ந்து ஏறிவிட்டார்கள். விடிந்து போய்ப் பார்த்தபோது, தன் இடத்துக்கு உரிமை கோரிய விலாங்கு மாதிரியான ஒரு அஞ்சாலை மீனைச் சங்கினால் தட்டி விரட்டிக்கொண்டிருந்தான்.

செபமாலைக்குப் பதிலாகக் கோரிக்கைகளை எண்ணிய கதையை இஞ்ஞாசி யாரிடமும் சொல்லவில்லை.

பிரகாசி அவித்த முட்டையும் கொழுக்கட்டையும் வாழைப்பழமும் வலைப்பையில் கட்டிக் கொடுத்தாள், போகிற வள்ளம் கயிற்றில் இறக்கியது. கித்தேரியான் வாய்க்குழாயை எடுப்பான், ஒரு கடி கடிப்பான், குழாயை மாட்டுவான், மெல்லுவான். பள்ளிக்கூடத்துச் சிலேட்டும் குச்சியும் இறக்கினார்கள். "உப்பு அதிகம்" என்று எழுதி வந்த முதல் சிலேட்டைப் பிரகாசி பாதுகாப்பாக வைத்தாள், "உப்பு அதிகம்" என்று எழுதி வந்த ஐந்தாவது சிலேட்டில், கடலுக்குள் இருந்துகொண்டு யாரைக் குறை சொல்கிறீர்கள் என்று எழுதி அனுப்பினாள். பங்குச் சாமியார் குளிக்கப் பழகிக்கொண்டு ஈஸ்டருக்கு முன்னால் இறங்கி, சிலேட்டிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்டார். எழுதியதைப் படிப்பதற்குள் நீவாடு சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் மன்னிப்பு செல்லும் என்று ஒரு சாராரும், சிலேட்டு கிடைத்தவனும் சேர்ந்து பாவி ஆகிவிட்டான் என்று இன்னொரு சாராரும் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலர் இருப்பிடச் சான்றில் நான்கு எல்லைகளுக்கும் கடல் என்று எழுதி முத்திரை வைத்தார். ரேஷன் கடையில் மட்டும் தகராறு.

"விரல் வைக்கணும்மா," என்றான் கடைக்காரன்.

"விரல் பதினோரு பாகத்துல இருக்கு," என்றாள் பிரகாசி. "மிஷின அங்க கொண்டு போம்."

"மிஷின் நனையலாமாம்மா? கவர்மெண்டு சாமான்."

"மனுசன் நனையலாமோ?"

"மனுசன் கவர்மெண்டு சாமான் இல்லையே," என்றான் அவன், வரிசையே சிரித்தது, அவளும் சிரித்துவிட்டு அரிசியை வாங்காமல் நகரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தோள் முடங்கிய மீராசா என்பவனை அங்கே இறக்கினார்கள். தோள் வலி நின்றது, அவனுடைய முள்ளும் நின்றது. முடக்கு இல்லாதவன் இறங்கினால் முள் ஒழுங்காகக் குறைந்தது; முடங்கியவனுக்கு மட்டும் பார் காற்றை அளந்து பார்க்கவில்லை. மேலே வந்தால் வலி வந்தது. மீராசா மூன்று தடவை ஏறிப் பார்த்துவிட்டு இரண்டாம் பல்லின் மறைவில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஐந்து பேரும் ஆளுக்கொரு பாறையில், நீவாடு அடிக்காத பக்கமாக, செப்பிலிகளும் கிளிமீன்களும் தலைக்கு மேல் போக, தாயக்கட்டம் ஆட முயன்று கட்டைகள் உருண்டு உருண்டு வடக்கே போனதால் விட்டுவிட்டு, சும்மா இருந்தார்கள். நகரத்திலிருந்து வந்து டைவிங் கம்பெனி வைத்திருந்த ஒருவன் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவந்தான். வள்ளத்தில் நிறுத்தி அவர்களுக்குச் சொல்லுவான்: பவளத்தைத் தொடாதீர்கள், ஆட்களைத் தொடாதீர்கள், கயிற்றை விடாதீர்கள். கித்தேரியான் ஒரு நல்ல சட்டை வேண்டும் என்று சிலேட்டு அனுப்பினான்.

ஊர் பழகப் பழக இஞ்ஞாசிக்கு வயிறு எரிந்தது. முதலில், இந்த அநியாயத்தை நாடே பார்க்கட்டும் என்று, ஒரு மனிதன் வைத்தியம் இல்லாமல் கடலடியில் வாழ்கிறான் என்று நோட்டீஸ் அடித்து ஏழு ஊர்களில் கொடுத்தார். நாடு பார்த்தது, படம் எடுத்துக்கொண்டது. அழுத்த அறை கேட்டு ஆர்ப்பாட்டம் நடத்தினார். முதல் வருஷம் இருநூறு பேர் வந்தார்கள், இரண்டாம் வருஷம் அறுபது பேர், மூன்றாம் வருஷம் ஒன்பது பேர், அவர்களில் இருவர் பஸ்ஸுக்கு நின்றவர்கள். மனு கொடுக்கிற திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, அன்பாகச் சொல்லுவான்:

"அண்ணாச்சி, உங்க ஊருக்குத்தான் கடவுளே அறை கட்டிக் கொடுத்துட்டாரே. மத்த ஊருக்காரன் எல்லாம் பொறாமைப்படுதான்."

"கடவுள் கட்டினதுக்குப் பராமரிப்பு யாரு? நாளைக்கு அவரு மனசு மாறினா எந்த டேபிளுக்கு நான் மனு எழுதணும்?"

"அதுக்கு கோயில்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்துங்க," என்று குமாஸ்தா மனுவை வாங்கி, இரண்டு துளை போட்டு, மற்ற மனுக்களோடு கோத்தான்.

வெளியாட்கள் சொன்னது அவருக்கு உறைக்கவில்லை. உறைத்தது சொந்த ஆட்கள் சொன்னது. சங்கக் கூட்டத்தில் நாற்பது வருஷம் குளித்த ஒருவன் எழுந்து, "சும்மா இருக்க மாட்டியளா அண்ணாச்சி? அறை வந்தா கரண்டு வேணும், டாக்டர் வேணும், டாக்டருக்கு லீவு வேணும். பாருக்கு என்ன வேணும்?" என்றான். கை தட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் இஞ்ஞாசியை எதிர்த்துப் பேசியவனுக்குக் கைதட்டல் விழுந்தது அதுதான் முதல் தடவை. கொடுக்காதவன் கொடுக்காமலே நல்லவன் ஆகிவிட்டான், கேட்டவன் கேட்டே கெட்டவன் ஆகிவிட்டான், இடையில் ஒரு பாறை வந்து பிச்சை போடுகிறது, அதையும் கையேந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் என்று, அவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டு போனார். நாய்கள் ஒதுங்கி வழிவிட்டன.

பிரகாசி மட்டும் ஒவ்வொரு ஆர்ப்பாட்டத்துக்கும் வந்தாள். கோஷம் போடமாட்டாள், நிற்பாள்.

"எனக்கு அவிய வீட்டுல வேணும்ணே," என்றாள் ஒரு நாள். "மூணு வருசமா ஒரு சிலேட்டோட குடும்பம் நடத்துதேன். சண்டை போட்டாக்கூட எழுத்துப் பிழை பாத்துப் போட வேண்டியிருக்கு. காலையில வள்ளத்துல ஏறிப் போயி, வடக்கால குமுளி வெடிக்கிற எடத்தப் பாக்குதேன். வெடிச்சா தாலி இருக்குன்னு அர்த்தம். இது ஒரு பொழப்பா?"

ஒரு பாகத்துக்கு ஐந்து நிமிஷம் என்ற கணக்கு இஞ்ஞாசியின் நெஞ்சுக்குள் பதினோரு தடவை ஓடியது.

அந்த மாதம் ஒரு கடிதம் வந்தது. மேற்படி பாரில் இயற்கையாகவே வசதி உள்ளதாகத் தெரியவருவதால், அது போதுமானதா என்று அறிய மூன்று மருத்துவர்களும் ஒரு பொறியாளரும் பன்னிரண்டாம் தேதி நேரில் வருவார்கள், போதுமானது என்று கண்டால் அழுத்த அறைக் கோப்பு நிரந்தரமாக மூடப்படும் என்று இருந்தது. இஞ்ஞாசி கடிதத்தை அச்சகத்தின் பெயர் தேடுகிறவர் போல அடிவரி வரை படித்தார். மறுநாள் காலை, இருபது வருஷத்துக்குப் பிறகு, ஐம்பத்தேழு வயது முதுகில் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஏழுபல் பாரில் குதித்தார்.

நீவாடு அவரை வாங்கிக்கொண்டது. கயிறு உள்ளங்கையைத் தீய்த்தது, கால்கள் வடக்கு நோக்கி நீட்டிக்கொண்டன, காதுக்குள் ஒரு ஊரே கத்தியது. ஒவ்வொரு கையாக மாற்றி மாற்றி இறங்கி, மூன்றாம் பல்லின் மறைவுக்குள் புகுந்ததும் எல்லாம் சட்டென்று நின்றது. அங்கே கித்தேரியான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு காலை மடித்து, கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். இஞ்ஞாசியின் முள் எல்லாருக்கும் குறைவது போலக் குறைந்துகொண்டிருந்தது. அவர் சிலேட்டை எடுத்தார்.

"12ஆம் தேதி மேலே வா. கமிட்டி பார்க்க வேண்டும்."

"வலிக்கும்," என்று எழுதினான்.

"தெரியும்."

"உமக்குத் தெரியாது."

அது உண்மை. அவர் சிலேட்டைத் துடைத்தார். பிறகு, எந்தத் துண்டறிக்கையிலும் எழுதாத எழுத்தில், சின்னதாக எழுதினார்: "அன்றைக்கு நான் செபமாலை சொல்லவில்லை. வேகமாக இழுத்துவிட்டேன்."

கித்தேரியான் படித்தான். அவன் விட்ட மூச்சு பாறை விளிம்பைத் தாண்டியதும் சாய்ந்து வடக்கே ஓடியது.

"தெரியும்," என்று எழுதினான். "கீழே இருப்பவனுக்குத் தெரியாதா."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் சங்கத்தில் யார் இருப்பார்கள்?"

இஞ்ஞாசிக்குக் கண்ணாடிக்குள் மங்கியது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. கித்தேரியான் சிலேட்டை அவர் கையிலிருந்து வாங்கி, முழங்கையால் துடைத்து, நிதானமாக எழுதிக் கொடுத்தான்: "வருகிறேன். ஆனால் திரும்ப இறங்க மாட்டேன்."

கோபத்தில் எழுதுகிறான் என்றுதான் அவர் நினைத்தார். ஒரு நாள் காட்சிக்கு ஆள் கேட்டுப் போன அவருக்கு, ஒரு போராட்டக்காரன் முழுசாகக் கிடைத்ததைப் புரிந்துகொள்கிற அளவுக்குக் காற்று இருக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி கமிட்டி வந்தது. பிரகாசி வள்ளத்தில் உட்கார்ந்து, ஒரு பாகத்துக்கு ஒரு செபமாலை என்று பதினொன்று சொன்னாள். ஒரு மணியைக்கூட விழுங்கவில்லை. கமிட்டியில் இரண்டு பேர் அதற்குள் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள். எவ்வளவு மெல்லத் தூக்கினாலும் மூன்று வருஷத்து முடக்கு போகவில்லை. வள்ளத்தின் பலகையில் கித்தேரியானின் கால்கள் நனைந்த பாய் மாதிரி கிடந்தன. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வாந்தி எடுக்காத டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார், ஊசியால் பாதத்தைக் குத்தினார், குறித்துக்கொண்டார்.

"கீழே இருக்கும்போது நல்லா இருந்தாரா?" என்று கேட்டார்.

"இருந்தாரு," என்றார் இஞ்ஞாசி.

"நடமாட்டம் எல்லாம்?"

"இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு மேல வந்தாரு?"

இஞ்ஞாசி வாயைத் திறந்தார். பதினேழு கோரிக்கைகளையும் முதலிலிருந்து தொடங்கப் பார்த்தார். அதற்குள் பிரகாசி சொன்னாள்: "அவரு மீன் இல்ல சார். அதனால வந்தாரு."

டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். ஆனாலும் மறுநாளே வந்த அறிக்கை பார் போதுமானது என்றது. நோயாளிகள் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியும், அமைதி காக்கவும் என்று ஒரு பலகையும் வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. இரண்டும் பதினைந்தே நாளில் வந்து சேர்ந்தன. பலகையை மாட்டிய வாரமே நீவாடு கொண்டுபோயிற்று, கம்பியில் சிப்பி படர்ந்தது.

கித்தேரியான் வீட்டுக்குப் போகவில்லை, பாருக்கும் போகவில்லை. தாலுகா ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அழுத்த அறைக்கென்று இருபத்திரண்டு வருஷம் முன்னால் கல் நட்டுக் காட்டிய காலி இடம் ஒன்று இருந்தது, ஆம்புலன்ஸ் டிரைவர்கள் அங்கே துணி காயப்போடுவார்கள். அங்கே ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தான். பிரகாசி தலைமாட்டில் அடுப்பு வைத்தாள். வலி வரும்போது அவன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்வான், சட்டம் முனகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள்: கிடைக்கக்கூடிய வசதியைப் பயன்படுத்த நோயாளி தாமாகவே மறுக்கிறார். அவன் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் நாள் இஞ்ஞாசி வந்து, வாழ்நாளில் எந்தப் போராட்டக்காரனிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"போதும் மாப்ள. எறங்கிரு. வள்ளம் நிக்குது."

"அறை வந்துட்டா?"

"வராதுலே. கோப்ப மூடிட்டான். நீ இங்க கெடந்து செத்தாலும் வராது."

"நீரு சொல்லுதியரா மச்சான் இத?" கித்தேரியான் வலியோடு சிரித்தான். "வேற யாராவது சொல்லியிருந்தா கருங்காலின்னு நோட்டீசு அடிச்சிருப்பீரே."

"அடிச்சிருப்பேன்," என்றார் இஞ்ஞாசி. "எனக்கே அடிக்கணும். நான் கேட்டது ஒரு நாளு. ஒரு நாளு வந்து காட்டுன்னுதான் கேட்டேன்."

"ஒரு நாளு காட்டினா அது காட்சி," என்றான் அவன். "டைவிங் கம்பெனிக்காரன் அதத்தான செய்யுதான்?"

பிரகாசி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் புருஷனைப் போ என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். அவள், "கஞ்சி குடிக்கியளாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். ஓசியில் கிடைக்கிற கஞ்சியைத் தொடாத மனுஷன், இரண்டு கோப்பை குடித்துவிட்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். நோட்டீஸ் இல்லை, கொடி இல்லை, கோஷம் இல்லை. துணி காயப்போட வந்த டிரைவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பாரில் இருந்த மற்ற நால்வரில் ஒருவர்கூட ஏறவில்லை. மீராசாவிடமிருந்து ஒரு சிலேட்டு மட்டும் வந்தது: "உன் இடத்தைக் காலியாகத்தான் வைத்திருக்கிறோம்."

பத்தொன்பதாம் நாள், உச்சி வெயிலில், தெற்கே ஏதோ ஊரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு விரித்த பாயில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் கிடந்தான். கழுத்து வரை முடக்கு ஏறியிருந்தது, மூச்சுக்கு மூச்சு ஒரே மாதிரி கத்திக்கொண்டிருந்தான். டியூட்டி டாக்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்து, இங்கே ஒன்றும் இல்லை, பாருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வேன் டிரைவருக்குப் பாரும் தெரியாது, கல்லாமுனையும் தெரியாது. அந்த ஆளின் மனைவி, செருப்பு ஒரு காலில் மட்டும் இருக்க, கட்டிலைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, நீவாடு தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கூட வரணுமாமே. யாருன்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு பேரு அமலதாசு. காலையில நல்லாத்தான் எறங்கினாரு."

இஞ்ஞாசி வேனைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் தேடிய சாட்சி அதற்குள் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. இவன் இங்கேயே, இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், இந்தச் சத்தத்தோடு ஒரு மணி நேரம் கிடந்தால் போதும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கூடுவார்கள், பத்திரிகைக்காரன் வருவான், ஒருவன் கிடந்தால் பிடிவாதக்காரன், இரண்டு பேர் கிடந்தால் பிரச்சினை, எந்த மூடிய கோப்பையும் திறக்கிற சத்தம் இது. பாருக்குப் போனால் இவன் அங்கே சுகமாக உட்கார்ந்து, பாருக்குப் போன ஆறாவது ஆளாகக் கணக்கில் ஏறுவான், பார் போதுமானது என்பதற்கு இன்னும் ஒரு அத்தாட்சி. இத்தனையையும் ஒரே மூச்சில் அவர் யோசித்து முடித்தார். யோசித்து முடித்த பிறகு, தான் யோசித்ததைத் தானே கேட்டது போல இருந்தது.

கட்டிலிலிருந்து கித்தேரியான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீரு போம் மச்சான். கூட்டிட்டுப் போம்."

"இவன் போனா, நீ கெடக்கிற இந்தக் கட்டிலுக்கு என்னலே அர்த்தம்?"

"என் கட்டிலு எனக்கு. அவன் முதுகு அவனுக்கு. மொதல்ல அவனுக்குச் சத்தம் நிக்கட்டும். அப்புறம் ஏறணுமா இருக்கணுமான்னு அவனே பாத்துக்கிடுவான்."

"நீ?"

"நான் இங்கதான் இருக்கேன். எங்க போகப் போறேன், ஓடியா போயிருவேன்?"

பிரகாசி எழுந்து, தன் செருப்பைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் தள்ளினாள். இஞ்ஞாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார், பின்பக்கம், கத்திக்கொண்டிருந்தவனின் தலைக்குப் பக்கத்தில் குந்தி, வண்டி குலுங்கும்போது அவன் கழுத்து ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி மதில் பின்னால் போனது.

"அங்க போனா சரியாயிருமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் அச்சடித்து ஏழு ஊர்களில் கொடுத்தவர் அவர். குனிந்து, நீலம் பாரித்திருந்த அந்த ஆளின் உதடுகளைப் பார்த்தார்.

"அங்க இருக்கிற வரைக்கும் நல்லா இருப்பாரு," என்றார்.

அவள் அழுதுகொண்டே இரண்டு கையையும் கூப்பினாள். இஞ்ஞாசிக்கு அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிடத் தோன்றியது. அவருடைய இரண்டு கையிலும் அவள் புருஷனின் கழுத்து இருந்தது.

"கும்பிடாத தாயி," என்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, "அடுத்த ரோட்டுல கெழக்க திரும்பு. மெதுவா," என்றார்.